கைபேசிக் கடையும் கொஞ்சம் ஆங்கிலமும்

ஹைதராபாத்திலிருந்து மும்பை போகும் நெடுஞ்சாலையில் ராமச்சந்திராபுரம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ஆர்.சி. புரம் என்பார்கள். 1960களில் இங்கே ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. அதன் பெயர் பெல். மின்சாரம் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் அரசுத் தொழிற்சாலை அது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாடு அதற்குத் தொழில்நுட்ப உதவி செய்தது. தொழிற்சாலை வந்ததும் ஆட்கள் வந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். குடியிருப்பு எழுந்தது. அதைச் சுற்றிக் கடைகள் எழுந்தன.

இங்கே தெருவில் தெலுங்கு கேட்கும். உருது கேட்கும். இந்தி கேட்கும். தமிழும் கேட்கும். காய்கறிக் கடையில் எல்லோரும் கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி என்று கலந்து பேசிச் சமாளிப்பார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் கை காட்டினாலும் போதும். தக்காளி தட்டில் விழுந்துவிடும்.

ஆனால் கைபேசியில் கை காட்ட முடியாது.

ஓர் அம்மா வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எலுமிச்சை, மாங்காய், பூண்டு என்று மூன்று வகை. அக்கம்பக்கத்தார் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் தம் தோழிக்கு அம்மாவின் எண்ணைக் கொடுக்கிறார். தோழி கச்சிபௌலியில் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவர் வங்காளத்துக்காரர். தமிழ் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்புகிறார்.

"நீட் டூ கேஜி கார்லிக் பிக்கிள் பை ஃப்ரைடே."

அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். கேஜி தெரியும். பிக்கிள் தெரியும். ஃப்ரைடே என்றால் வெள்ளிக்கிழமை. 'பை' என்றால்? வாங்குவது என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வருகிறது. 'வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார் போலிருக்கிறது' என்று நினைக்கிறார். பூண்டு உரித்து, எண்ணெய் காய்ச்சி, இரண்டு கிலோ போட்டு வைக்கிறார். வெள்ளிக்கிழமை முழுவதும் புட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணும் காத்திருக்கிறார். ஊறுகாய் தன் வீட்டுக்கு வந்து சேரும் என்று காத்திருக்கிறார். இரவு ரயிலில் அவர் ஊருக்குப் போக வேண்டும். போய்விடுகிறார்.

ஆங்கிலத்தில் இரண்டு 'பை' உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். எழுத்து வேறு. மூன்று எழுத்து உள்ள 'பை' என்றால் வாங்குவது. இரண்டு எழுத்து உள்ள 'பை' ஒரு நாளுக்கு முன்னால் வந்தால் 'அதற்குள்' என்று பொருள். 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள். வியாழன் கொடுத்தாலும் சரி, வெள்ளி கொடுத்தாலும் சரி, சனி கூடாது. ஓர் எழுத்துக் கவனிக்காமல் போனதில் இரண்டு கிலோ ஊறுகாய் மீந்தது. ஒரு வாடிக்கையாளரும் போனார்.

யாரிடம் கேட்பது?

இதுபோன்ற செய்தி வந்தால் பல வீடுகளில் கைபேசி பிள்ளையின் கைக்குப் போகும். மகனோ மகளோ படித்துச் சொல்வார்கள். பதிலும் எழுதித் தருவார்கள். நல்லதுதான். ஆனால் பிள்ளை கல்லூரியிலிருந்து மாலை ஆறு மணிக்குத்தான் வருவான். காலை பத்து மணிக்கு விலை கேட்டவர் அதுவரை பொறுப்பாரா? பத்தரைக்குள் வேறு கடையில் வாங்கிவிடுவார். இன்னொரு விஷயமும் உண்டு. யார் எவ்வளவு கேட்டார், என்ன விலை சொன்னோம், யார் பாக்கி என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். உழைப்பவருக்குத் தெரியாது.

இது பழைய கதைதான். ஐரோப்பியர்கள் வணிகம் செய்ய வந்த காலத்தில் துபாஷிகள் இருந்தார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அப்படி ஒருவர். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தார். 1736 முதல் 1761 வரை தமிழில் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. துணி நெய்தவருக்குக் கம்பெனியின் மொழி தெரியாது. கம்பெனிக்கு நெசவாளியின் மொழி தெரியாது. இரண்டும் தெரிந்து நடுவில் நின்றவர் கையில் பேரம் இருந்தது.

வீட்டுப் பிள்ளையைத் துபாஷியோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நடுவில் ஓர் ஆள் இல்லாமல் தன் கடையின் செய்தியைத் தானே படிக்க முடிந்தால் அதன் அருமை வேறு.

எந்தச் சொல்லில் தொடங்குவது?

ஆங்கிலம் என்றதும் பலர் ஏ, பி, சி, டி-யில் தொடங்கி இலக்கணப் புத்தகத்துக்குப் போவார்கள். 'இது ஒரு பூனை', 'அது ஒரு பேனா' என்று படிப்பார்கள். ஊறுகாய் விற்பவருக்குப் பூனை எதற்கு?

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் இருந்தார். 1963-இல் அங்கே அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார். மொத்தம் 40 மணி நேரப் பாடம். அவர் பாடத்துக்கான சொற்களை மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்தார். செங்கல் என்ற சொல் அவருடைய முறையில் புகழ்பெற்ற ஒன்று. செங்கல் சுமந்தவருக்கு அந்தச் சொல் கனமானது. எழுத்தில் பார்த்ததும் அவர் அதை மறக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதே வழியில் நடந்தது உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும் கற்றார்கள். படிப்பு வேறு, பிழைப்பு வேறு என்று அங்கே பிரிக்கவில்லை.

கைபேசி வழியாகவே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாடும் இருக்கிறது. வங்காளதேசத்தில் 2009-இல் பி.பி.சி. ஜனாலா என்ற திட்டம் வந்தது. ஜனாலா என்றால் சன்னல். 3000 என்ற எண்ணை அழுத்தினால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்கலாம். சாதாரண பட்டன் கைபேசியே போதும். ஆனால் அந்தப் பாடம் எல்லோருக்கும் ஒன்றேதான். கேட்பவர் தையற்காரரா, தேநீர்க் கடைக்காரரா என்று அதற்குத் தெரியாது.

இன்று அந்தக் குறை இல்லை. விற்பவரின் கைபேசியிலேயே அவருடைய பாடம் தினமும் வந்து விழுகிறது. வாடிக்கையாளர் அனுப்பும் செய்திதான் பாடம். அனுப்பும் பதில்தான் வீட்டுப்பாடம். சரியாக எழுதினால் மதிப்பெண் வராது, ஆர்டர் வரும்.

ஐந்து பட்டைகள்

2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி வெளிவந்தது. சிறு வியாபாரிகளுக்காக வந்தது. விலை இல்லை. இதில் கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம் எல்லாம் போட்டு வைக்கலாம். பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். அதற்குக் கேட்டலாக் என்று பெயர். பொருள் பட்டியல்தான்.

இந்தச் செயலியில் லேபிள் என்று ஒன்று உண்டு. லேபிள் என்றால் பட்டை. புட்டியில் ஒட்டுகிறோமே, அதேதான். இங்கே வாடிக்கையாளரின் பெயரில் ஒட்டலாம். செயலியே ஐந்து பட்டைகளைத் தந்தது. 'நியூ கஸ்டமர்' என்றால் புது வாடிக்கையாளர். 'நியூ ஆர்டர்' என்றால் புதிதாகக் கேட்டிருக்கிறார். 'பெண்டிங் பேமென்ட்' என்றால் பணம் பாக்கி. 'பெய்ட்' என்றால் பணம் வந்துவிட்டது. 'ஆர்டர் கம்ப்ளீட்' என்றால் பொருள் கொடுத்து முடிந்தது.

இந்த ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். ஒரு வியாபாரம் முழுவதும் இதில் இருக்கிறது. வந்தார், கேட்டார், பாக்கி, கொடுத்தார், முடிந்தது. முதல் வாரத்துக்கு இந்த ஐந்து போதும். செயலியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆனால் இந்த ஐந்தை மட்டும் ஆங்கிலத்திலேயே படித்துப் பழகுவது நல்லது. வங்கியிலும் கூரியர் கடையிலும் இதே சொற்கள்தான் வரும்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பொருளின் படம் போடுகிறார்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரிய கடைகளைப் பார்த்து 'பிரீமியம்', 'எக்ஸ்க்ளூசிவ்', 'ராயல்' என்று எழுதிவிடுகிறார்கள். விலை எழுதுவதில்லை. எடை எழுதுவதில்லை. பார்ப்பவர் 'பிரைஸ்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் வருவதற்குள் அவருக்கு ஆசை போய்விடும்.

என்ன பொருள், எவ்வளவு எடை, என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பது தெரிந்தால் போதும். "கார்லிக் பிக்கிள். 250 கிராம்ஸ். ரூபீஸ் 150. டெலிவரி இன் ஆர்.சி. புரம் அண்ட் லிங்கம்பள்ளி." இதில் வினைச்சொல்லே இல்லை. இலக்கணப் பிழைக்கு இடமும் இல்லை. ஆனால் வியாபாரத்துக்கு முழுமையான ஆங்கிலம் இது. கோங்குராவைக் கோங்குரா என்றே எழுதலாம். தொக்கைத் தொக்கு என்றே எழுதலாம். வாங்குபவர் அந்தப் பெயரைத் தேடித்தான் வருகிறார்.

சின்னச் சொற்களில்தான் காசு இருக்கிறது. 'ஃப்ரம் 150' என்று எழுதினால் விலை 150 ரூபாயில் தொடங்குகிறது என்று பொருள். எல்லாமே 150 என்று பொருள் இல்லை. 'அப் டு 20 பர்சென்ட் ஆஃப்' என்றால் தள்ளுபடி அதிகபட்சம் 20 சதவீதம். 'ஈச்' என்றால் ஒவ்வொன்றும். மூன்று பிளவுஸ் தைக்க 'ரூபீஸ் 400' என்று எழுதினால் மூன்றுக்கும் சேர்த்து 400 என்று ஒருவர் வாதாடலாம். '400 ஈச்' என்று எழுதினால் வாதம் இல்லை. விலைக்குப் பின்னால் 'ஒன்லி' போடுவது காசோலை எழுதிய பழக்கம். போட்டால் தவறில்லை, போடாவிட்டாலும் குறைவில்லை.

உணவுப் பொருளாக இருந்தால் புட்டியில் ஒட்டும் சீட்டிலும் ஆங்கிலம் உண்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்த நாள்வரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும். 'யூஸ் பை' என்றால் அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடக்கூடாது. இரண்டும் ஒன்றல்ல. உணவு விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய அரசு ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணையும் சீட்டில் அச்சிட வேண்டும். அந்த எண் இருந்தால் தெரியாத ஊர்க்காரரும் நம்பி வாங்குவார்.

நாளும் தேதியும்

மறுபடியும் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள். 'ஆன் ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்று. 'ஆஃப்டர் ஃப்ரைடே' என்றால் வெள்ளி கழிந்து. 'விதின் டூ டேஸ்' என்றால் இரண்டு நாளுக்குள். தையற்காரருக்கும் கேக் செய்பவருக்கும் இவைதான் உயிர்நாடி. பிறந்தநாள் கேக்கை மறுநாள் கொடுத்து என்ன பயன்?

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' இன்னும் மோசம். வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இதில் குழம்புகிறார்கள். 'டுமாரோ' என்று இரவு பதினொன்றரைக்கு எழுதுவார்கள். அதை மறுநாள் காலையில் படித்தால் 'நாளை' எந்த நாள்?

தேதியை எண்ணால் மட்டும் எழுதினாலும் சிக்கல் வரலாம். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் அது மே 6. கச்சிபௌலியில் வேலை செய்பவர்கள் பலர் அமெரிக்க நிறுவனங்களோடு பழகியவர்கள். ஆகவே மாதத்தின் பெயரை எழுத வேண்டும். "கன்ஃபர்ம்ட். 2 கேஜி கார்லிக் பிக்கிள். டெலிவரி பை ஃப்ரைடே, 5 ஜூன், 6 பி.எம்." என்று திருப்பி எழுதி அனுப்ப வேண்டும். 'கன்ஃபர்ம்ட்' என்றால் உறுதி செய்தாயிற்று. எங்காவது தவறாகப் புரிந்திருந்தால் வாடிக்கையாளர் அப்போதே சொல்லிவிடுவார். பூண்டு உரிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

கைபேசியில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். வந்த செய்தியைப் புரிந்துகொள்ள அது நல்ல துணை. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது எழுதிக் கொடுத்த பதிலில் எண், நாள், விலை மூன்றும் சரியா என்று பார்க்கும் அளவுக்குச் சொந்த அறிவு வேண்டும். கடை நம்முடையது.

குறை சொன்னால்

"பாட்டில் லீக்கிங். வெரி பேட்." இப்படி ஒரு செய்தி வந்தால் மனம் துடிக்கும். நன்றாகத்தானே மூடினோம், கொண்டுபோன பையன் சாய்த்திருப்பான் என்று தோன்றும். உடனே 'நாட் மை மிஸ்டேக்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதக்கூடாது. நேரில் கோபமாகச் சொன்ன சொல் காற்றில் போகும். எழுதி அனுப்பியது நிற்கும். அதைப் படம் பிடித்து நூறு பேருக்கு அனுப்பலாம்.

முதலில் 'சாரி' என்று சொல்ல வேண்டும். ஆங்கில வியாபாரத்தில் சாரி என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது மட்டும் அல்ல. 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது' என்ற பொருளும் அதில் உண்டு. அடுத்து, "பிளீஸ் சென்ட் எ ஃபோட்டோ" என்று கேட்கலாம். படத்தைப் பார்த்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். 'ரீஃபண்ட்' என்றால் பணத்தைத் திருப்பித் தருவது. 'ரீப்ளேஸ்மென்ட்' என்றால் அதே பொருளை வேறொன்று தருவது. தெரியாமல் மாற்றி எழுதினால் பணமும் போகும், புட்டியும் போகும். கடைசியில் எப்போது என்று சொல்ல வேண்டும். 'வில் ட்ரை' என்று எழுதினால் முயற்சி செய்கிறேன் என்று பொருள். வாங்கியவருக்கு அதில் நம்பிக்கை வராது. "ரீப்ளேஸ்மென்ட் டுடே பை 7 பி.எம்." என்றால் அவர் அமைதியாகிவிடுவார். எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதக்கூடாது. அது கத்துவதுபோல் இருக்கும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் வந்த செய்தி. வலப்பக்கம் அனுப்பிய பதில். வாரத்துக்கு ஒருநாள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் தையல் கடையின் செய்தியை ஊறுகாய்க்காரர் படிப்பார். ஊறுகாய்க்காரரின் செய்தியைக் கேக் செய்பவர் படிப்பார். நன்றாக அமைந்த பதிலைச் செயலியிலேயே சேமிக்கலாம். அதற்குக் குவிக் ரிப்ளை என்று பெயர். அடுத்தமுறை முழுவதும் தட்ட வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இதை எளிதாகச் செய்யலாம். கூட்டம் எப்படியும் நடக்கிறது. மத்திய அரசு 2022 முதல் 2027 வரைக்கு வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் எழுத்தோடு பண அறிவும் கணினி அறிவும் சேர்க்கப்பட்டுள்ளன.

பணம் வரும் சொல், போகும் சொல்

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் இரண்டு சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். 'கிரெடிடட்' என்றால் கணக்கில் பணம் வந்தது. 'டெபிடட்' என்றால் கணக்கிலிருந்து பணம் போனது. வரவு, பற்று. அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு சொல் தெரியாததை நம்பியே பிழைக்கும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு.

அவர்கள் வாடிக்கையாளர்போல வருவார்கள். பெரிய ஆர்டர் கொடுப்பார்கள். விலை பேசமாட்டார்கள். "பேமென்ட் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். திரையில் 'பே' என்று இருக்கும். பே என்றால் கொடு. வாங்குவது என்றால் 'ரிசீவ்'. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ரகசிய எண் கேட்டால், பணம் போகப் போகிறது. வேறு சிலர் "கிரெடிடட் ரூபீஸ் 5000" என்று தாங்களே ஒரு செய்தி தயாரித்து அனுப்புவார்கள். "தெரியாமல் கூட அனுப்பிவிட்டேன், 4000 திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவார்கள். செய்தியைப் பார்த்து நம்பக்கூடாது. செயலியைத் திறந்து 'பேலன்ஸ்' பார்க்க வேண்டும். பேலன்ஸ் என்றால் கணக்கில் இருக்கும் இருப்பு. அது கூடவில்லை என்றால் பணம் வரவில்லை.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். இந்தியா முழுவதற்கும் இந்த எண்தான். நேரம் போகப் போகப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறிக்கொண்டே போகும். அழைக்கும்போது வங்கியின் பெயர், பணம் போன தேதி, நேரம், தொகை எல்லாம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் நீளமான ஓர் எண் உண்டு. அதையும் கேட்பார்கள். செயலியில் அது 'ட்ரான்சாக்ஷன் ஐடி' என்ற பெயரில் இருக்கும்.